பூஞ்சைவழி மீநுண்துகள்

அரிசியை முறத்தில் கொட்டினால் கறுப்பாக நாலைந்து ஊர்ந்து ஓடும். மூக்கு நீண்ட அரிசிக் கூன்வண்டு அது. பெண்வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் பூசி அடைத்துவிடும். பார்வைக்கு மணி முழுசாகவே இருக்கும். சேமிப்புத் தானியத்தின் இத்தகைய பூச்சிகளை அடக்க ஆய்வாளர்கள் சோதித்துவரும் பொருள்களில் ஒன்றுக்குப் பெயர் ‘மைக்கோநானோ’ துகள்.

இதைத் தமிழில் எப்படி எழுதுவது? மைக்கோ, நானோ இரண்டும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. மிகேஸ் என்றால் காளான். நானோஸ் என்றால் குள்ளன். 1960இல் அனைத்துலக அலகு முறை அந்தக் குள்ளனை ‘நூறு கோடியில் ஒரு பங்கு’ ஆக்கிக்கொண்டது. குள்ளனுக்குப் பழந்தமிழில் ‘குறள்’ என்று பெயர்; புறநானூற்றில் ‘கூனும் குறளும்’ சேர்ந்தே வருகின்றன. கூன்வண்டுக்கு எதிராகக் ‘குறள்துகள்’ என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் குறள் என்றதும் வள்ளுவர் வந்து நின்றுவிடுவார்.

‘நுண்துகள்’ என்று எழுதுவோர் உண்டு. அது போதாது. நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று ‘நுண்’ ஏற்கெனவே மைக்ரோவுக்குப் போய்விட்டது. நானோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘மீநுண்’ பொருந்தும். ‘மைக்கோ’வுக்குப் பூஞ்சை என்று வைத்துக்கொள்ளலாம்; அதை இலங்கைப் பாடநூல்கள் ‘பங்கசு’ என்கின்றன. ஊறுகாயில் பூப்பதை நாம் பூசணம் என்கிறோம்.

பெரிய குழப்பம் ‘பூஞ்சை நானோதுகள்’ என்ற தொடரில்தான் இருக்கிறது. படிப்பவர் பூஞ்சையையே பொடித்துத் தூவுவதாக நினைத்துக்கொள்வார். பூஞ்சை இங்கே சமையல்காரர் மட்டுமே; துகள் அதன் வழியாக உருவாகிறது. அதனால்தான் ‘பூஞ்சைவழி மீநுண்துகள்’ என்கிறேன். அதை வளர்த்த நீரை வடிகட்டி வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் நீர் மெல்லப் பழுப்பாகும்; பூஞ்சையின் புரதங்கள் வெள்ளியைத் துகளாக்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர், வாழைக்கு வாடல் நோய் தரும் பியூசேரியம் பூஞ்சையைக் கொண்டு நெல் உமியிலிருந்தே சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) மீநுண்துகளை எடுத்துக் காட்டினார்கள். நெல்லின் உமியே நெல்லுக்குக் காவலாகலாம் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

சிலிக்கா பூச்சிக்கு நஞ்சூட்டுவதில்லை. உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சை உறிஞ்சிவிடும். ஈரம் காக்க வழியின்றிப் பூச்சி உலர்ந்து சாகும். விதையில் சாம்பல் கலந்துவைத்த பாட்டிமாரின் கைப்பக்குவமும் ஏறக்குறைய இதுதான். வெள்ளித்துகளின் கதை வேறு: சாப்பிடும் அரிசியில் அதைக் கலப்பதற்கு முன், அரிசியில் மிஞ்சி நிற்கும் வெள்ளியைப் பற்றிய கேள்விகளுக்கு விடை வேண்டும்.

பேச்சில் ‘நானோ’ இருக்கட்டும். அது ஊன்றிவிட்ட சொல். எழுதும்போது ‘வழி’யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.