எம்.சி.பி. ட்ரிப் ஆகாமலே பிளக் உருகுவது எப்படி?

குளச்சல், முட்டம், மண்டைக்காடு பக்கம் கடலைப் பார்த்த சுவரில் இருக்கும் பவர் பிளக்கைக் கழற்றினால் அடிக்கடி காண்பது இதுதான்: செம்புக் கம்பியின் முனையில் பச்சை படிந்திருக்கும், பித்தளை ஸ்க்ரூ கறுத்திருக்கும், அதை ஒட்டிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்சான எம்.சி.பி. ட்ரிப் ஆகியிருக்காது. ஆக வேண்டிய காரணமும் இல்லை. அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால்தான் அது விழும். லூஸ் கான்டாக்டில் கரண்ட் அதிகமாகாது, கொஞ்சம் குறையவே செய்யும். கசிவு இல்லாததால், மின்கசிவு வந்தால் அணையும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது. ஆகவே கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்ததே. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓமில். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். தவறு நடப்பது எந்த வோல்ட்டைப் போடுவது என்பதில்தான். ஹீட்டரின் மின்தடை வேண்டுமானால் ஹீட்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட். இணைப்பின் மின்தடை வேண்டுமானால் அந்த இணைப்பில் மட்டும் குறைகிற வோல்ட். எல்லாவற்றுக்கும் 230 என்று போட்டால் கிடைப்பது வெறும் எண்.

ஒரு 2000 வாட் வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். ஓடாதபோது 230 வோல்ட். ஓடும்போது அதன் முனைகளில் 223 வோல்ட், வயரைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.4 ஆம்பியர். ஹீட்டரின் மின்தடை 223 ÷ 8.4 = 26.5 ஓம். அது எடுக்கும் சக்தி 1873 வாட். வழியில் காணாமல் போனது 7 வோல்ட். இதே நேரத்தில் மெயின் போர்டில் அளந்தால் 228 என்று வைப்போம். அப்படியானால் 2 வோல்ட் வெளி லைனிலும் சர்வீஸ் வயரிலும் போனது, மீதி 5 வோல்ட் வீட்டுக்குள் போனது.

அந்த 5 முழுவதும் கோளாறு அல்ல. 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். போர்டிலிருந்து ஹீட்டருக்கு 15 மீட்டர் என்றால், ஃபேஸ் போய் நியூட்ரல் திரும்ப 30 மீட்டர், 0.22 ஓம். 8.4 ஆம்பியருக்கு 1.9 வோல்ட். இது நியாயமான இழப்பு. மிஞ்சிய 3.1 வோல்ட் இணைப்புகளில் விழுகிறது. 3.1 × 8.4 = 26 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவுச் சூடு! அது பெரும்பாலும் ஒரே ஸ்க்ரூவில் அல்லது ஒரே பின்னில் குவியும். சாதாரண பி.வி.சி. வயரின் உறை தாங்குவது 70 டிகிரி. சூட்டில் செம்பு மேலும் கறுக்கும், சாக்கெட்டின் ஸ்ப்ரிங் தளரும், மின்தடை கூடும், சூடு இன்னும் ஏறும். உப்புக்காற்றும் இரண்டு பருவமழையின் ஈரமும் இந்தச் சுழற்சியைத் தொடங்கி வைக்கின்றன.

மல்ட்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் இந்தக் கோளாறு பிடிபடாது. மேலே உள்ள இணைப்புத் தடை 0.37 ஓம்தான். மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அவ்வளவு தடை இருக்கலாம். லோடு ஓடும்போது வோல்ட் இழப்பைப் பார்ப்பதே சரியான வழி. லைன் வோல்ட்டேஜ் தானாகவே ஏறி இறங்கும் என்பதால் ஹீட்டரை மூன்று நான்கு முறை போட்டு அணைத்து அளக்கவும், அந்நேரம் மோட்டார், ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது. கிளாம்பை ஒரு வயரில் மட்டும் மாட்ட வேண்டும், இரண்டையும் சேர்த்து மாட்டினால் பூஜ்யம் காட்டும். மல்ட்டிமீட்டரை ஆம்பியர் ரேஞ்சில் வைத்து சாக்கெட்டில் செருகினால் நேரடி ஷார்ட். உயிரோட்டமுள்ள முனைகளில் அளப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. தயவுசெய்து வீட்டில் யாரும் முயல வேண்டாம். ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியதும் பின் சுடுகிறதா, கறுத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரிசெய்யும்போது டேப் சுற்றுவதில் பயனில்லை. மெயினை அணைத்து, கறுத்த செம்பை வெட்டித் தள்ளி, பளபளப்பான பகுதி வரும்வரை சீவி, வெள்ளீயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து கிரிம்ப் செய்ய வேண்டும், அதாவது அழுத்தி இறுக்க வேண்டும். ஸ்ப்ரிங் தளர்ந்த சாக்கெட்டைச் சுரண்டி மறுபடி மாட்டாமல் புதிய 16 ஆம்பியர் சாக்கெட் போடவும். சர்வீஸ் வயர் அலுமினியமாக இருந்தால் செம்போடு நேராக முறுக்கக் கூடாது, இரண்டுக்கும் ஏற்ற பைமெட்டல் கனெக்டர் வேண்டும்.

விளைக்குள் (தோப்புக்குள்) கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். வீட்டிலிருந்து 60 மீட்டர், 1.5 சதுர மி.மீ. வயர் என்றால், போக வர 1.45 ஓம். 7 ஆம்பியர் எடுக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஓடும்போது 10 வோல்ட்தான் குறையும், பெரிதாகத் தெரியாது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்து மடங்கு, 35 ஆம்பியர் இழுத்தால் 51 வோல்ட் போய்விடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கெப்பாசிட்டரை மாற்றியும் சரியாகாது. 4 சதுர மி.மீ. வயரில் அதே இழப்பு 19 வோல்ட்டாகக் குறையும். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) மட்டுமே. வாட் வேண்டுமானால் பவர் ஃபேக்டராலும் (வி.ஏ.வில் உண்மையில் வாட்டாகும் பங்கு, இங்கே 0.8 என்று வைப்போம்) பெருக்கவும். 10 வோல்ட் குறைந்தபின் மோட்டார் முனையில் 220 வோல்ட் என்றால்: 220 × 7 × 0.8 = 1232 வாட்.