கிளவுஸ பாக்காதீங்க, ஊசி எங்கருந்து வருதுன்னு பாருங்க

மண்டபம் பக்கம் எங்க சித்திக்கு கடல்பாசி எடுக்குறதுதான் தொழில், முங்கி முங்கி பாறையில பிச்சு எடுத்தே தோள்பட்டை போயிருச்சு, இப்ப வலிக்கு ஊசி குத்துற அக்குபஞ்சர் வைத்தியத்துக்கு போறாக. போன வாரம் வந்து ஒரே புலம்பல். "ஏத்தா, விரலுக்கு துணி சுத்தாம நாங்க பாறையில கைய வைக்க மாட்டோம், அவுக என்னடான்னா வெறுங்கையோட குத்துறாக, ஒண்ணும் ஆயிறாதா?"

வலி குறையுதாங்கிறது தனிக் கதை, அதை இங்க இழுக்கல.

சித்தி பயந்தது சரி, பயந்த இடம்தான் தப்பு. பாறைக்கு துணி தாங்கும், ஊசிக்கு கிளவுஸ் தாங்காது, பொத்துக்கிட்டு உள்ள போயிரும். கிளவுஸோட வேலை அடுத்தவங்க ரத்தம் நம்ம தோல்ல படாம பாத்துக்குறது. அக்குபஞ்சர் ஊசி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் கனம்தான், ஆஸ்பத்திரி ஊசி மாதிரி நடுவுல ஓட்டை கிடையாது, அதனால அனேகமா ரத்தமே வராது, சோப்பு போட்டு 40 செகண்டுக்கு குறையாம கை கழுவிட்டு குத்துனா போதும். தோல்ல கீறி கப்பை கவுத்து ரத்தம் எடுக்குற கப்பிங்னா மட்டும் கிளவுஸ் கட்டாயம், குத்துறவுக கையில வெட்டுக்காயம் இருந்தாலும் அப்படித்தான். ஊசி இல்லாம விரல்ல தொட்டு மட்டும் வைத்தியம் பாக்குறவுகளும் நம்ம ஊர்ல இருக்காக, அங்க கை கழுவுனாங்களான்னு பாத்தாலே போதும்.

பயப்பட வேண்டியது ஒருத்தருக்கு குத்துன ஊசிய இன்னொருத்தருக்கு குத்துறதுக்கு. ஈரலை தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்துல 7 நாள் வரைக்கும் உயிரோட கிடக்கும், அது தொத்துறதுக்கு கண்ணுக்கு தெரியுற அளவு ரத்தம் கூட வேண்டாம். குத்துறவுகளும் அதுக்கு தடுப்பூசி 3 டோஸ் போட்டிருக்கணும்.

"ஸ்பிரிட்ல முக்கித்தானே எடுக்குறாக"ன்னு கேப்பீங்க. ஸ்பிரிட் கிருமியோட புரதத்தை குலைச்சு கொல்லும், அதுக்கு கொஞ்சம் தண்ணி வேணும், அதான் சுத்தமான ஆல்கஹாலை விட 70 சதவீத ஸ்பிரிட் நல்லா வேலை செய்யுது. தோலை துடைக்க அது சரி, துடைச்சுட்டு காய விடணும். ஆனா சில பாக்டீரியா கெட்டி ஓடு கட்டி வித்து மாதிரி உறங்கும், அதை ஸ்பிரிட்டும் ஒண்ணும் பண்ணாது, கொதிக்கிற தண்ணியும் நம்புற மாதிரி கொல்லாது. அதுக்கு ஆட்டோகிளேவ் வேணும், குக்கரோட பெரிய அண்ணன்னு வச்சுக்கங்க, 15 பவுண்டு அழுத்தத்துல நீராவி 121 டிகிரிக்கு போகும், அந்த சூட்டுல 15, 20 நிமிஷம் நிக்கணும். இவ்வளவு பாடு எதுக்குன்னுதான் ஒரு தடவை குத்திட்டு தூக்கிப் போடுற ஊசி வந்துச்சு, எத்திலீன் ஆக்சைடு வாயுல சுத்தம் பண்ணி சீல் வச்சு வரும். நம்ம உப்புக் காத்துக்கும் ஈரத்துக்கும் அந்த பாக்கெட் பேப்பர் நமுத்துப் போயிருந்தா வேண்டாம்னு சொல்லிருங்க, ஈரப் பேப்பர் வழியா கிருமி உள்ள போயிரும்.

இன்னொன்னு, ஊசி சுத்தமா இருந்தும் சீக்கு வந்த கதை உண்டு. தண்ணியில வாழுற ஒரு வகை மைக்கோபாக்டீரியா, காசநோய் கிருமிக்கு சொந்தக்காரன், ஈரத் துண்டுலயும் ஒத்தடப் பையிலயும் ஒட்டிக்கிட்டு இருந்து குத்துன ஓட்டை வழியா போயிரும், வாரக்கணக்குல கழிச்சுதான் தடிப்பா தெரியும், சாதாரண ஆன்டிபயாட்டிக் கேக்காது. அப்படி தடிச்சா டாக்டர்கிட்ட ஊசி போட்டதை மறைக்காம சொல்லுங்க.

இதையெல்லாம் சொல்லி அனுப்புனேன். மறுநாள் சித்தி போன் பண்ணி, "பாக்கெட்ட என் கண்ணு முன்னாடிதான் கிழிச்சாக"ன்னு பெருமையா சொன்னாக. குத்துன ஊசிய எதுல போட்டாகன்னு கேட்டேன், பொத்துக்கிட்டு வராத வெள்ளை டப்பாவுலதான் போடணும்னு 2016 மருத்துவக் கழிவு விதியே இருக்கு.

"டீ குடிச்ச பேப்பர் கப்புல."