ஐந்துக்கு எட்டு குளியலறையில் ஸ்பா: உடம்புக்கு உண்மையில் என்ன நடக்கிறது?

வீட்டுக் குளியலறையை ஸ்பா மாதிரி மாற்றப் போகிறேன் என்று கிளம்புபவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் டைல்ஸ் கடை. கல் மாதிரித் தெரியும் டைல்ஸ், மூங்கில் ரேக், கருப்புக் குழாய், கூழாங்கல் நிரப்பிய தட்டு, எல்லாமே கண்ணுக்கான சாமான்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு நல்ல ஸ்பாவிலிருந்து வெளியே வரும்போது தோள் இறங்கி, மூச்சு நீண்டு, உடம்பு லேசாக இருக்கிறதே, அதற்குக் காரணம் அந்தச் சாமான்கள் கிடையாது. தோலுக்குப் போய்ச் சேர்ந்த சூடு, கண்ணில் விழுந்த வெளிச்சத்தின் நிறம், காதைக் குடையாத ஒலி, மூக்குக்கு எட்டிய வாசனை, இந்த நாலும் சேர்ந்துதான் நரம்புகளை அடக்குகின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துவிட்டால், நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் ஐந்துக்கு எட்டு அடி குளியலறையிலேயே, படுத்துக் குளிக்கும் தொட்டி எதுவும் இல்லாமல், அந்தச் சுகத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடலாம்.

சூட்டில் இருந்து தொடங்குவோம், விஷயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. வெந்நீர் உடம்பைச் சூடாக்குகிறது, அதனால் இளகுகிறோம் என்று நினைக்கிறோம். குளிக்கிற நேரத்துக்கு அது சரி. முக்கியமான வேலை அதற்கு அப்புறம் நடக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோலுக்கு அடியில், தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் சிறப்பு ரத்தக்குழாய்கள் நிறைய உண்டு. அவை திறந்துகொண்டால் ரத்தம் நுண்குழாய்களைச் சுற்றிப் போகாமல் குறுக்கு வழியில் ஏராளமாகப் பாய்ந்து, உள்ளுடம்பின் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விட்டுவிடும். வெந்நீர் பட்டதும் இவை அகலத் திறக்கின்றன. குளித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருப்பதால் உடம்பின் உள்வெப்பம் மெல்ல இறங்குகிறது. இரவில் தூக்கம் வருவதற்கு முன்னால் இயல்பாகவே நடக்கும் இறக்கமும் இதேதான். வெந்நீர் அதைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கி வைக்கிறது.

2019-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாகச் சலித்துப் பார்த்தார்கள். நீரின் சூடு 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ், படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னால், குறைந்தது பத்து நிமிடம், இப்படிக் குளித்தால் தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் சராசரியாகப் பத்து நிமிடம் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. குளித்த கையோடு போய்ப் படுத்தால் இவ்வளவு பலன் இருக்காது, ஏனென்றால் உள்வெப்பம் இறங்க அவகாசம் வேண்டும்.

இந்தப் பத்து நிமிடத்தில்தான் பல வீடுகளில் திட்டம் சிக்கிக்கொள்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். வீடுகளில் சாதாரணமாக இருப்பது 15 லிட்டர், 2000 வாட் கீசர். 28 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்குச் சுமார் 17 நிமிடம் ஆகும். அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 41 டிகிரிக்கு விளாவினால் கிடைப்பது 37 லிட்டர், ஏறக்குறைய இரண்டு வாளி. ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஸ்பா என்ற ஆசையில் கூரையில் தட்டு மாதிரிப் பெரிய ரெயின் ஷவர் மாட்டினால் இன்னும் சீக்கிரமே தீரும், தலையில் நுரையோடு நிற்கும்போது நீர் குளிர்ந்துவிடும், சுகம் அங்கேயே போய்விட்டது. கீசரை மாற்றாமல் ஷவரை மட்டும் மாற்றுவதில் அர்த்தம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதைவிட வாளிக் குளியல் எவ்வளவோ மேல், கூடவே ஒரு அகன்ற டப் இருந்தால். உட்கார ஒரு ஸ்டூல், கால் இரண்டும் கணுக்காலுக்கு மேலே முழுகும்படி டப்பில் பத்து லிட்டர் வெந்நீர், மீதியை வாளியில் வைத்துக்கொண்டு தோளிலும் பிடரியிலும் மெதுவாக மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சிறப்பு ரத்தக்குழாய்கள் உள்ளங்காலில்தானே இருக்கின்றன, அவை பத்து நிமிடமும் சூட்டிலேயே இருக்கும், தண்ணீரும் தீராது. 41 டிகிரி என்பதை அளக்கச் சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். அது இல்லாவிட்டால், கையை விட்டதும் கொஞ்சம் சுடுகிறதே என்று தோன்ற வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் கையை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்ப வேண்டும், இல்லையென்றால் கால் வெந்துபோவது தெரியாமலே போகும்.

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் மே மாதம் இதெல்லாம் தேவைப்படாது. மாடித் தொட்டியில் இருந்து வரும் நீரே வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது உடம்புக்குக் கிடைக்கும் சுகம் ஆவியாதலில் இருக்கிறது. தோலில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் சுற்றியிருக்கும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் நின்றுபோகும், துடைத்து முடிப்பதற்குள் மறுபடி வியர்க்கும். குளிர்நாட்டு ஸ்பாவின் நீராவி மூட்டத்தை இங்கே நகலெடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நமக்கு வேண்டியது சீக்கிரம் காயும் குளியலறை.

காய வைப்பதில் எக்ஸாஸ்ட் ஃபேனை விட முதலில் வேலை செய்வது ரப்பர் வைப்பர். குளித்ததும் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், ஃபேன் ஆவியாக்கி வெளியேற்ற வேண்டிய நீரில் பெரும்பகுதி வடிகாலுக்குப் போய்விடும். அடுத்தது ஃபேன். சாதாரண ஆறு அங்குல ஃபேன் பத்து கனமீட்டர் உள்ள அறையின் காற்றைச் சில நிமிடங்களில் ஒரு தடவை மாற்றிவிடும் சக்தி உள்ளது. ஆனால் மாற்றுக் காற்று உள்ளே வர வழி வேண்டும். நிறைய வீடுகளில் ஃபேனை வெண்டிலேட்டரிலேயே பொருத்தி, பக்கத்துக் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்தே விட்டிருப்பார்கள். ஃபேன் தள்ளும் காற்று அந்த இடுக்கு வழியாகவே திரும்பி வந்து, அங்கேயே ஒரு சின்ன வட்டம் அடித்துக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் ஈரக்காற்று அசையவே அசையாது. பட்டைகளை மூடிவிட்டு, கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்று கீழிருந்து மேலாக அறை முழுவதையும் கடந்து போகும். ஒரு பைசா செலவில்லாத திருத்தம். டைல்ஸ் இடுக்கில் வரும் கரும்பூஞ்சையும் இதனால் குறையும், ஏனென்றால் அது வளர நீண்ட நேர ஈரம் வேண்டும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நம் வீட்டுக் குளியலறைகளில் பெரும்பாலும் கூல் டேலைட் என்று விற்கப்படும் 6500 கெல்வின் எல்இடி இருக்கும், பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான கூம்புகளும் குச்சிகளும் தவிர, வெளிச்சத்தை நேரடியாக உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்குச் சொல்லும் இன்னொரு வகை செல்கள் இருக்கின்றன. 2002-இல் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் பெர்சனும் அவருடைய குழுவினரும் இவற்றைப் பதிவு செய்தார்கள். இவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில், அதாவது நீல ஒளிக்கு, மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். 6500 கெல்வின் விளக்கில் அந்த நீலம் தாராளமாக இருக்கிறது. இரவு ஒன்பதரை மணிக்கு அதன் கீழே நின்று குளித்தால், தோல் மூளையிடம் இரவு என்கிறது, கண் அதே மூளையிடம் நண்பகல் என்கிறது. 2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் ஒயிட் விளக்கு ஒன்றைத் தனி ஸ்விட்சில் போட்டுவிடுங்கள். வெள்ளை டைல்ஸ் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் 3 வாட்டே போதும். தலைக்கு நேர் மேலே வேண்டாம், கண்ணாடிக்குப் பின்னாலோ சுவரை நோக்கியோ இருந்தால் கூச்சம் தெரியாது. பழைய வெள்ளை விளக்கைக் கழற்ற வேண்டாம், தரையைத் தேய்க்கிற நாளைக்கு அதுதான் வேண்டும்.

ஸ்பாவில் ஏன் எல்லோரும் தணிந்த குரலில் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அங்கே மரம், துணி, மெத்தை எல்லாம் ஒலியை விழுங்கிவிடுகின்றன. டைல்ஸ் விழுங்காது. 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபீன் என்ற இயற்பியலாளர், எதிரொலியால் யார் பேசுவதும் புரியாமல் இருந்த ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யச் சொல்லப்பட்டு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: அறையின் கொள்ளளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்தால், முழக்கம் எத்தனை விநாடி நீடிக்கும் என்று தெரியும். நம் அறை 1.5 மீட்டருக்கு 2.4, உயரம் 2.7 என்று வைத்தால் கொள்ளளவு 10 கனமீட்டர், எல்லாப் பக்கமும் சேர்ந்த பரப்பு 28 சதுரமீட்டர். டைல்ஸும் சிமெண்ட்டும் நூற்றில் இரண்டு பங்குதான் விழுங்கும் என்றால் முழக்கம் இரண்டே முக்கால் விநாடிக்கு மேல் நீடிக்கிறது. ஒரு ஆள் உள்ளே போனாலே அது ஏறக்குறைய பாதியாகிவிடும். சுவரை ஒட்டாமல், கம்பியில் இரண்டு தடித்த துவாலைகளை விரித்துத் தொங்கவிட்டால் ஒரு விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். தண்ணீர் பக்கெட்டில் விழும் சத்தம், மக் தரையில் இடிபடும் சத்தம் எல்லாம் அப்போதுதான் கூர்மை குறைந்து காதுக்கு இதமாகும்.

துவாலைகள் உயர்ந்த சுருதிகளைத்தான் விழுங்கும், தாழ்ந்த சுருதிகளை விட்டுவிடும் என்பது நமக்கு நல்லதே. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு எதிரெதிர்ச் சுவர்கள் சுமார் 115 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன, நீளவாக்கில் அது 72 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் தாழ்ந்த பகுதி இங்கேதான் வருகிறது. வாயை மூடி மெதுவாக ‘ம்ம்ம்’ என்று மேலும் கீழுமாக முனகிப் பாருங்கள், ஒரு சுருதியில் அறையே சேர்ந்து பாடும். பெண்குரலுக்கு இதன் இரட்டிப்பான 230 ஹெர்ட்ஸ் பக்கம் கிடைக்கும். முனகும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது, வெளிமூச்சு நீண்டால் அந்த நேரத்துக்கு இதயத் துடிப்பு தணிகிறது. ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

வாசனை, மற்ற புலன்களின் செய்திகளை மூளைக்குள் கைமாற்றி அனுப்பும் தாலமஸ் என்ற பகுதியைச் சுற்றிப் போகாமல், மூக்கிலிருந்து நேராக உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான மூளைப் பகுதிகளைத் தொடுகிறது. அதனால் ஒரு சின்ன நாற்றம் போதும், மற்ற எல்லா ஏற்பாடும் வீண். குளியலறை நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் தரையில் வடிகால் வாயில் இருக்கும் நானி ட்ராப் என்ற நீர்த்தடுப்பு. அதற்குள் இரண்டு அங்குல உயரத்துக்குத் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கிறது. விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய குளியலறையில் யாரும் நீர் ஊற்றாவிட்டால் சில வாரங்களில் அது ஆவியாகிவிடும். வாரம் ஒரு மக் ஊற்றினால் போதும். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடுவதால், வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் அந்த முதல் மூச்சில்தான் உண்மை தெரியும். நாற்றத்தை மறைக்க அந்துருண்டை தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடலாம். நாஃப்தலீன் ஆவி மூடிய அறையில் நல்லதல்ல, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களையே உடைக்கும்.

நல்ல வாசனைக்கு வெட்டிவேரை விடச் சிறந்தது நமக்கு இல்லை. எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய்களின் மூலக்கூறுகள் பெரும்பாலும் பத்து கார்பன் கொண்ட சின்னவை, பறந்து மூக்கில் ஏறி அரை மணியில் காணாமல் போகும். வெட்டிவேரில் இருப்பவை பதினைந்து கார்பன் கொண்ட கனமான மூலக்கூறுகள், மெதுவாகத்தான் ஆவியாகும், நாள்கணக்கில் நிற்கும். ஒரு பிடி வேரை நூலில் கட்டி, குளிக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து ஜன்னல் பக்கம் மாட்டிவிடுங்கள். சூட்டில் மணம் எழும்பும், காய்ந்து நின்றால் அடுத்த நாளைக்கும் ஆகும்.

காலுக்கு அடியில் ஒரு மரப்பலகை நல்லது. 28 டிகிரியில் டைல்ஸும் மரமும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன, ஆனால் டைல்ஸ் பாதத்திலிருந்து வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால் சில்லென்கிறது, மரம் இழுப்பதில்லை. செடி வைப்பது உங்கள் விருப்பம். மணிபிளாண்ட் மங்கலான இடத்திலும் பிழைக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்க வேண்டாம். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் அளவுக்குச் சுத்தம் செய்ய ஒரு சதுரமீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிவதால் ரத்த அழுத்தம் இறங்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் ஸ்டூலில் இருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும். கேஸ் கீசர் உள்ள வீடுகளில் இன்னும் கவனம். மூடிய சின்ன அறையில் அது ஆக்சிஜனைத் தின்று கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, மயக்கம் வருவதே தெரியாமல் உயிர் போயிருக்கிறது. பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரப் போகிறீர்கள் என்றால், அந்தக் கீசரை முதலில் குளியலறைக்கு வெளியே, காற்று ஓடும் இடத்தில் மாற்றி வையுங்கள். விளக்கு, துவாலை, வெட்டிவேர் எல்லாம் அதற்கு அப்புறம் வாங்கலாம்.