நல்லாத்தான் சாப்பிடுறா, அவளுக்கு எப்படி டிப்ரஷன்?

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா (ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் மகளைக் கூட்டி வந்திருந்தார். சில மாதங்களாகவே புத்தகத்தைத் தொடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, பகல் முழுக்கத் தூக்கம், கேட்டால் அழுகை. மனச்சோர்வு என்று நான் சொன்னதுதான் தாமதம், அந்த அம்மா மறுத்துவிட்டார். "அதெல்லாம் இல்ல டாக்டர். ராத்திரி நாங்க படுத்தப்புறம் குண்டான்ல இருக்க சோத்தப் பூராம் தின்னுபுடுறா, தம்பிக்கு வாங்கி வச்ச பிஸ்கட்டையும் விடுறதில்ல. மனசு சரியில்லாதவ இப்படித் திம்பாளா?" அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாரே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதே பேச்சை ஆசிரியர்களிடம் கேட்கிறேன், வங்கியில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்கிறேன். சில சமயம் மருத்துவர்கள் எழுதி அனுப்பும் சீட்டிலேயே 'உடல் பருமன், டயட் சொல்லியிருக்கிறேன்' என்பதைத் தாண்டி ஒரு வரி இருப்பதில்லை. இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மனச்சோர்வு வந்தவர் என்றால் நம் மனதில் வரும் உருவம் ஒன்றுதான்: சோறு இறங்காது, கன்னம் ஒட்டிப்போயிருக்கும், ராத்திரி தூக்கம் கிடையாது. இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அறிகுறிப் பட்டியலில் பசி குறைவதும் இருக்கிறது, பசி கூடுவதும் இருக்கிறது. தூக்கம் கெடுவதும் இருக்கிறது, அளவுக்கு மீறித் தூங்குவதும் இருக்கிறது. ஒரு வகை மனச்சோர்வில் பசியும் தூக்கமும் கூடும், கை கால் ஈயத்தைக் கட்டிவிட்டது போலக் கனக்கும், யாராவது சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னால்கூட நாள் முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கும், நடுவே ஏதாவது நல்லது நடந்தால் கொஞ்ச நேரம் சிரிக்கவும் செய்வார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் 'நடிக்கிறா' என்பார்கள். நம் ஊரில் ஒருவர் நன்றாக இருக்கிறாரா இல்லையா என்பதற்குச் சோற்றுத் தட்டைத்தான் சாட்சிக்கு இழுக்கிறோம். தட்டு காலியானால் ஆள் நலம் என்று முடிவு. அந்த ஒரு முடிவால் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் சிகிச்சைக்கு வராமலே போகிறார்கள்.

சரி, அதிகமாகச் சாப்பிட்டால் எல்லாம் நோயா? கிடையாது. பாண்டி கோவில் கிடா விருந்தில் இரண்டு மடங்கு சாப்பிடுவது நோய் இல்லை. இரவுக் காட்சி முடிந்து நண்பர்களோடு நின்று பரோட்டாவை ஒரு கை பார்ப்பதும் நோய் இல்லை, அதில் சந்தோஷம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது. நான் சொல்வது வேறு. பசி இல்லாமலே தொடங்குவது, தொடங்கிய பிறகு நிறுத்த முடியாமல் போவது, மெல்லக்கூட நேரம் இல்லாத வேகம், வயிறு வலிக்கும் வரை உள்ளே தள்ளுவது, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தனியாகத் தின்பது, முடிந்ததும் தன் மேலேயே ஒரு அருவருப்பு. இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலோர் சாப்பிட முடியாத அளவை இப்படித் தின்பது வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதற்குப் பெயர் உண்டு. பிஞ்ச் ஈட்டிங் கோளாறு, அதாவது கட்டுப்பாடு இழந்து அள்ளித் தின்னும் நோய். மனச்சோர்வோடு சேர்ந்தும் இது வரும். 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் இப்படித் தின்பதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம் பிடித்தது 2013இல்தான். மருத்துவ உலகத்துக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்றால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை, இனிமேலாவது தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாக்கு ருசி, வாயைக் கட்டத் தெரியவில்லை என்று திட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். என்னிடம் வருபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது "ருசியே தெரியல டாக்டர்" என்பதைத்தான். ஃபிரிட்ஜில் இருக்கும் ஆறிப்போன குழம்பைச் சூடுகூடப் பண்ணாமல், வெறும் சோற்றை, ஒன்றும் கிடைக்காவிட்டால் டப்பாவில் இருக்கும் சர்க்கரையை, அள்ளி அள்ளிப் போட்டிருப்பார்கள். ருசிக்காகத் தின்கிறவர் ஆறிப்போன குழம்பையா தேடுவார்? பிஸ்கட் உறையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து, அடுத்த நாள் கைப்பையில் எடுத்துப்போய் மாட்டுத்தாவணிக் குப்பைத்தொட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன் ஆர்டரைத் தெருமுனைக்கு வரவழைத்து அங்கேயே நின்று முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மறுபடி வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்குத் தின்பவர் இந்தப் பாடு படமாட்டார்.

அப்புறம் எதற்குத் தின்கிறார்கள்? தின்பதற்கு அரை மணி நேரம் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் அங்கே இருக்கும். மாமியார் சொன்ன ஒரு வார்த்தைக்குத் திருப்பிப் பேச முடியவில்லை. தேர்வு முடிவு வந்தது. கூடப் படித்தவளின் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள். சில சமயம் ஒன்றுமே நடந்திருக்காது, வீடு முழுக்கத் தூங்க, தான் மட்டும் விழித்திருக்கும் அந்த வெறுமை போதும். தின்று கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மனது கையிலும் வாயிலும் மட்டும் நிற்கிறது, 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்த குரல் அடங்குகிறது. அந்த நிம்மதிக்காகத்தான். ஆனால் நிம்மதி சட்டென்று தீர்ந்துவிடும். பின்னாலேயே குற்ற உணர்வு வரும், வெட்கம் வரும், அடங்கியிருந்த குரல் இப்போது கையில் ஆதாரத்தோடு திரும்பி வரும். அந்த வலியைத் தாங்க மறுபடி அடுக்களைக்குப் போக வேண்டியிருக்கிறது. மூளையில் எந்த வேதிப்பொருள் ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதற்குள் நான் போகவில்லை, அது தெரிந்து வீட்டில் ஒன்றும் மாறப்போவதில்லை.

ஆண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மற்ற உணவுக் கோளாறுகளைவிட இதில் ஆண்களின் பங்கு அதிகம். ஆனால் ஆண் பிள்ளை நிறையச் சாப்பிட்டால் நம் வீடுகளில் பெருமை. அதனால் அவர்கள் சுகர் வந்த பிறகோ, குடிக்காகவோதான் எங்களிடம் வந்து சேருகிறார்கள்.

அடுத்த தப்பு, டயட். வீட்டில் கண்டுபிடித்தவுடன் எல்லோரும் செய்வது இதுதான்: ஃபிரிட்ஜைப் பூட்டு, சோற்றை நிறுத்து, முப்பது நாள் டயட்டில் சேர்த்துவிடு. தயவுசெய்து செய்யாதீர்கள். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதென்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். சுமார் ஆறு மாதம் அவர்களுக்குச் சாப்பாட்டைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். எடை கிட்டத்தட்ட கால்பங்கு இறங்கியது. கூடவே எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சோற்று நினைப்பு. முக்கியமானது அப்புறம் நடந்ததுதான்: மறுபடி சாப்பாடு கிடைத்தபோது அவர்களில் பலருக்கு நிறுத்தத் தெரியவில்லை, வயிறு நிறைந்த பிறகும் தின்றுகொண்டே இருந்தார்கள். எந்த மனநோயும் இல்லாத ஆண்களுக்கே இந்த நிலை என்றால், ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் பெண்ணைக் காலையிலும் மதியமும் பட்டினி போட்டுவிட்டு ராத்திரி கட்டுப்பாடாக இரு என்றால் அவள் என்ன செய்வாள்? விரதமும் அப்படித்தான். திருப்பரங்குன்றத்தில் சஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் 'நேத்துத் தின்னதுக்கு இன்னைக்கு விரதம்' என்று இருப்பவர்கள், சிகிச்சை நடக்கும் காலத்தில் மட்டுமாவது மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம்.

சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. நாங்கள் முதலில் சொல்வதைக் கேட்டு வீட்டார் திகைப்பார்கள்: மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடு, நடுவில் இரண்டு தடவை சுண்டலோ பழமோ எடுத்துக்கொள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காலியாகப் போடாதே. எடையைப் பற்றிய பேச்சு அப்புறம். கூடவே எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை. தைராய்டு சோதனையும் பார்த்துவிடுவோம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்தச் சீட்டைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், ஏனென்றால் மிர்டாசபின், ஓலன்சபின், ஸ்டீராய்டு போன்றவை பசியைக் கூட்டும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், சொன்னால் மாற்று வழி பார்க்கலாம்.

சுகர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ராத்திரி நிறையத் தின்றுவிட்டோம் என்று இன்சுலினையோ மாத்திரையையோ உங்கள் இஷ்டத்துக்குக் கூட்டிப் போடாதீர்கள். விடியற்காலையில் சுகர் இறங்கி மயங்கிக் கிடப்பீர்கள். தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றுவதும், பேதி மாத்திரை போடுவதும் ஆபத்துதான். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். இதைச் செய்துகொண்டிருந்தால் மறைக்காதீர்கள், மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்து மாறும். பியூப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்தை இப்படித் தின்றுவிட்டு வாந்தி எடுப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, வலிப்பு வரும் ஆபத்து இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு. தட்டை எட்டிப் பார்க்காதீர்கள். எத்தனை இட்லி என்று எண்ணாதீர்கள். கல்யாண வீட்டில் பார்த்தவுடன் 'என்னடி இப்படி ஊதிப்போயிட்ட' என்று நாலு பேர் முன்னால் கேட்கும் அத்தை, சித்திகளே, அந்தக் கேள்வியின் விலையை அன்று ராத்திரி அந்தப் பெண் தனியாகக் கொடுக்கிறாள். முடிந்தால் ஒரு வேளையாவது அவளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள்.

'இருந்து என்ன பிரயோசனம்', 'செத்துப் போயிடலாம்' என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104உம் உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதுரை வரை வருவது கஷ்டம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் எந்த நாள் எங்கே வருகிறார் என்று உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

கடைசியாக, ராத்திரி தனியாக அடுக்களையில் நிற்பவர்களுக்கு. இதை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரியும். தூக்கம் வரவில்லை, தலைவலி என்று வேறு எதையாவது சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: எந்த நேரம், என்ன சாப்பிட்டீர்கள், அதற்கு முன்னால் மனதில் என்ன இருந்தது. கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. தாளை மேசையில் வைத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.