பக்கவாதம் வந்தவருக்கு முதல் வாய் தண்ணீர்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் கண் திறந்ததும் வீட்டார் முதலில் ஓடிப்போய்க் கொடுப்பது ஒரு வாய் தண்ணீர், இல்லையென்றால் இளநீர். பாசத்தில் செய்வதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சு, விழுங்கல் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் எங்களுக்கு அந்த ஒரு வாய்தான் பெரிய கவலை. தண்ணீர் வேகமாக ஓடும். தொண்டைத் தசைகள் மந்தமாகிவிட்டவருக்கு, மூச்சுக்குழாயின் வாசல் மூடுவதற்குள் அது உள்ளே இறங்கிவிடும்.

புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டிவிட்டு அடுத்த வாயைக் கொடுப்பது நம் வழக்கம். அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இன்னொரு வகையினர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். தொண்டையின் உணர்வே மரத்துப்போனதால், தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் அவர்களுக்கு ஒரு சின்ன இருமல்கூட வராது. நன்றாகத்தான் குடிக்கிறார் என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், அப்புறம் காய்ச்சல், சளி, நிமோனியா என்று திரும்ப அட்மிட் ஆகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது என்று எங்கள் துறைக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் ஜெரி லோகமான். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1968ல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியராக இருந்து 2014ல் மறைந்தவர். அவர் வேலையைத் தொடங்கிய காலத்தில் விழுங்குவது பேச்சு நிபுணரின் பொறுப்பு என்று பெரும்பாலோர் நினைக்கவே இல்லை. ஆனால் பேசுவதற்கும் விழுங்குவதற்கும் அதே நாக்கு, அதே தொண்டை, அதே குரல்வளைதானே.

அப்போதிருந்த பேரியம் எக்ஸ்ரேயில் நோயாளி ஒரு கோப்பை பேரியத்தை, அதாவது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் மருந்துக் கரைசலை, மடமடவென்று குடிக்க வேண்டும், பார்க்கப்படுவது உணவுக்குழாயும் வயிறும். லோகமான் அதை மாற்றி அமைத்தார். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கவாட்டில் ஓடும் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டே, முதலில் மிகக் கொஞ்சம் திரவம், பிறகு கூழ் பதம், கடைசியில் பேரியம் தடவிய ஒரு துண்டு பிஸ்கட். தொண்டைக்குள் விழுங்கல் நடந்து முடிய ஒரு நொடிதான் ஆகும், அந்த ஒரு நொடியில் எது தாமதமாகிறது, எது மூடவில்லை, எங்கே தேங்குகிறது என்று படத்தில் தெரிந்துவிடும். 1983ல் வெளிவந்த அவருடைய விழுங்கல் கோளாறுகள் பற்றிய பாடநூல் இந்தத் துறைக்கே அடித்தளமாக அமைந்தது.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் படத்தைக் குறையைக் காட்ட மட்டும் அவர் பயன்படுத்தவில்லை. எப்படி உட்கார்ந்தால், எப்படித் தலையைத் திருப்பினால் இவரால் பத்திரமாகச் சாப்பிட முடியும் என்று அங்கேயே சோதித்துப் பார்த்தார். தொண்டையின் ஒரு பக்கம் பலவீனமானவர் அந்தப் பக்கமாகவே தலையைத் திருப்பி விழுங்கினால் அந்தப் பக்கம் அடைபட்டு, உணவு நல்ல பக்கமாக இறங்கும். ஒரு சின்னத் தலைத்திருப்பலில், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயை நம்பியிருந்த சிலர் வாயால் சாப்பிட ஆரம்பிக்கிறார்கள்.

திரவத்தைக் கெட்டியாக்கிக் கொடுத்தால் போதுமே என்று பலர் கேட்பார்கள். அதையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. பார்கின்சன், மறதிநோய் உள்ள 711 பேரிடம் நடத்தி 2008ல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ்ரே அறையில் பார்த்தவரை தேன் பதத் திரவம்தான் மூச்சுக்குழாய்க்குள் குறைவாகப் போனது. ஆனால் அதன் தொடர்ச்சியாக 515 பேரை மூன்று மாதம் கவனித்தபோது, தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்திச் சாதாரண திரவம் குடித்தவர்களுக்கும் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. கெட்டித் திரவக் குழுவில் நீர்ச்சத்துக் குறைந்தவர்கள்தான் அதிகம். அதனால் "இனிமேல் கஞ்சி பதம்தான்" என்று ஆயுளுக்கும் எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்கும் திறன் தேறிவரும். அதனால் மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? விழுங்கல் பரிசோதனை முடிந்ததா என்று கேட்காமல் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், மாத்திரைக்கான தண்ணீரைக்கூட. எக்ஸ்ரே வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும், மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு, இரண்டும் இல்லாவிட்டாலும் பயிற்சி பெற்றவர் படுக்கை அருகிலேயே முதல்கட்டச் சோதனை செய்ய முடியும். படுத்த நிலையில் ஊட்ட வேண்டாம். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இவர்களுக்கு ஆகவே ஆகாது, தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் இன்னும் திறந்துகொள்ளும். தலையைத் திருப்புவது, தாடையைத் தாழ்த்துவது எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, அதனால் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள். சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ, கன்னத்தில் சோறு தங்கியிருந்தாலோ குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

வாயைச் சுத்தமாக வைத்திருங்கள், மூக்குக் குழாயில் உணவு போகிறவருக்கும்தான். எச்சில் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதோடு வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குப் போனாலும் நிமோனியா வரும்.