உங்கள் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா?

மொரீசியஸில், எபேன் சைபர் சிட்டியில், தரவுத்தள நிர்வாகியாக வேலை பார்க்கிறேன். ஹோட்டல், ஜவுளி ஆலை, சரக்குப் போக்குவரத்து என்று இங்குள்ள நடுத்தர நிறுவனங்கள்தான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளம் என்றதும் முதலில் வேகத்தைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் செலவைப் பற்றி. இதை யார் பராமரிக்கிறார்கள், இன்னும் எத்தனை வருடம் பராமரிப்பார்கள் என்று கேட்பவர்கள் அரிது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒரு ஜவுளி ஆலையில் சம்பளக் கணக்கு ஓடும் சர்வரைப் பார்க்கப் போயிருந்தேன். பதிப்பு என்ன என்று கேட்கும் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போஸ்ட்கிரெஸ் 9.6 என்று வருகிறது. போஸ்ட்கிரெஸ் அப்படி ஒரு ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளம்தான். அந்தப் பதிப்புக்கு 2021 நவம்பரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன. கணக்குப் பிரிவில் இருந்த மதுரைக்காரர், "நல்லாத்தானே சார் ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?" என்றார். ஓடுகிறதுதான். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளெல்லாம் விவரத்தோடு வெளியாகியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அடைப்பு மட்டும் 9.6-க்குக் கிடையாது. அந்த சர்வரில் இருந்தது தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும். இந்த நாட்டின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படிப்பட்ட விவரம் கசிந்தால் முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 'நல்லாத்தான் ஓடிச்சு' என்று அந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

போஸ்ட்கிரெஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு முக்கியமான காரணம் அதன் ஒழுங்கு. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1996-இல் இன்றைய பெயரோடு ஒரு சமூகத்தின் கைக்கு வந்தது. வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு உண்டு. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் சிறு திருத்தங்கள் வரும். 2024 செப்டம்பரில் பதிப்பு 17 வந்தது, 2025 செப்டம்பரில் பதிப்பு 18. எந்த மாதத்தில் பராமரிப்புக்கு நேரம் ஒதுக்குவது என்று வருடத் தொடக்கத்திலேயே திட்டம் போட்டுவிடலாம்.

ஒழுங்கு தவறும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். 2024 நவம்பர் 14 அன்று வந்த சிறு திருத்தத்தில் ஒரு சிக்கல். உள்ளே இருந்த ஒரு தரவு அமைப்பின் அளவு மாறிவிட்டதால், முந்தைய பதிப்பை வைத்துக் கட்டப்பட்ட டைம்ஸ்கேல் போன்ற நீட்சிகள், அதாவது போஸ்ட்கிரெஸோடு சேர்த்து ஓடும் கூடுதல் மென்பொருள்கள், செயலிழக்கும் ஆபத்து வந்தது. பாதுகாப்புக்காகச் செய்த ஒரு மாற்றம், பயனர் உரிமை அமைப்பு ஒன்றையும் உடைத்திருந்தது. நடந்தது இன்னது என்று பொதுவில் சொல்லி, ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, அட்டவணையில் இல்லாத மறு வெளியீடு கொடுத்தார்கள். பதிப்பு 12-க்கு அந்த 14-ஆம் தேதியே கடைசி என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். அப்படியும் அதை உடைந்த நிலையில் விட்டுவிட்டுப் போகாமல், அதற்கும் 12.22 என்று ஒரு வெளியீடு வந்தது. ஒரு திட்டம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு வாரத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்தது, சாவி யார் கையில் இருக்கிறது? மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் 2008-இல் சன் நிறுவனத்துக்கும், 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளுக்கும் போனது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மோன்டி விடேனியஸ் 2009-இலேயே பிரிந்து, அதே நிரலிலிருந்து மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைக் கைவிட்டது. அதே மாதம் அதன் பழைய நிரலிலிருந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ பிறந்தது. அடுத்த வருடம் ரெடிஸ் மறுபடியும் ஒரு ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது என்றாலும், நடுவில் எதில் இருப்பது, எதற்கு மாறுவது என்று முடிவெடுக்க வேண்டிய தலைவலி பயன்படுத்தியவர்களுக்குத்தான். போஸ்ட்கிரெஸுக்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. ஏழு பேர் கொண்ட மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்துக்காரர்கள் இருக்கக்கூடாது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடவும் கூடாது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை ரிச்சர்ட் ஹிப்பும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும்தான் எழுதுகிறார்கள், வெளியாரின் நிரல்களை வழக்கமாக ஏற்பதில்லை. அப்படியும் அவர்களுடைய சோதனைகளின் கடுமையும், 2050 வரை பராமரிப்போம் என்ற வாக்கும் எனக்குப் போதும்.

தனியாள் மேல் முழுப் பாரமும் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எக்ஸ்இசட் விவகாரத்தில் பார்த்தோம். லினக்ஸ் சர்வர்களில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் மென்பொருள் அது. களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரிடம், உதவுகிறேன் என்று வந்தவர் நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே யாருக்கும் தெரியாமல் நுழையும் பின்கதவு ஒன்றை வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் ஒரு போஸ்ட்கிரெஸ் நிரலாளர். சில சோதனைகள் ஓட்டிக்கொண்டிருந்தபோது சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவினார். உலகத்துச் சர்வர்களெல்லாம் அந்த அரை நொடிக்குக் கடன்பட்டிருக்கின்றன.

போஸ்ட்கிரெஸிலும் குறை உண்டு. நிரலை நேரடியாகச் சேர்க்கும் உரிமை சில டஜன் பேருக்குத்தான். வரும் திருத்தங்கள் அதிகம், படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆட்கள் போதவில்லை. ஒரு திருத்தம் அனுப்புகிறவர் இன்னொருவர் அனுப்பியதையும் சரிபார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இருக்கிறது. 2024-இல் ராபர்ட் ஹாஸ் புதியவர்களுக்காக வழிகாட்டும் திட்டம் ஒன்றையும் தொடங்கினார். தேவை இன்னும் தீரவில்லை.

எபேனில் என்னோடு வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களோ இங்கே ரோஸ் ஹில்லில் பிறந்தவர்களோ, இதைத்தான் சொல்வேன்: நிரல் எழுதத் தெரிந்தால்தான் போஸ்ட்கிரெஸுக்கு உதவ முடியும் என்றில்லை. சோதனைப் பதிப்பில் உங்கள் நிறுவனம் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லலாம். ஆவணத்தில் புரியாத இடத்தைச் சுட்டலாம். இங்கே பிரெஞ்சு பழகியவர்கள் முழு ஆவணத்தையும் பிரெஞ்சிலேயே படிக்கலாம், அந்தச் சமூகம் அவ்வளவு உழைக்கிறது. போஸ்ட்கிரெஸின் சில கருவிகளுக்கு ஒரு காலத்தில் தமிழிலும் மொழிபெயர்ப்பு இருந்தது. மொழிபெயர்த்த பங்கு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த மொழிபெயர்ப்புக் கோப்பை வெளியீட்டில் சேர்ப்பதில்லை. தொடர்ந்து புதுப்பிக்க ஆளில்லாமல் தமிழ் விழுந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தால் மீட்கக்கூடிய வேலை அது.

சரி, உங்கள் சர்வருக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 13-க்கு ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்தது. 14-க்கு 2026 நவம்பர் 12 கடைசி. நவம்பர் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்போது இங்கே புயல் பருவம் தொடங்கிவிடும், ஹோட்டல்களில் கூட்டம் ஏறும், டிசம்பர் சம்பளமும் ஆண்டிறுதி போனஸும் சேர்ந்து கணக்குப் பிரிவை நெருக்கும். ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலத்தில் ஒரு நகல் சர்வர் எடுத்து, பேக்கப்பை அதில் மீட்டுப் பாருங்கள். மீண்டு வந்தால் அதிலேயே பதிப்பை உயர்த்தி, ஒரு மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் போட்டு, கடைசி ரூபாய் வரை ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகு உண்மையான சர்வரில் கை வையுங்கள்.