பெயரில்லாத பூட்டும் திருகு அளவியும்

நியூ ஜெர்சியில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறிய வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். நிலவறையில் கிடந்த தகர டப்பாவுக்குள் துருப்பிடித்த ஆணிகளோடு ஒரு பித்தளை உருளை. முகப்பில் சாவித்துளை, உடம்பைச் சுற்றி மரை. பெயரோ எண்ணோ எங்கும் இல்லை, சாவியும் இல்லை. இது எந்த வகைப் பூட்டு, இதற்குச் சாவி செய்ய முடியுமா என்பது அவர் கேள்வி. கூடவே, சாவியில்லாத பூட்டு வீட்டில் இருந்தால் ஆகாது என்று ஊரிலிருந்து அம்மா சொல்கிறாராம்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அது பூட்டே இல்லை. பூட்டின் சிலிண்டர் மட்டும்தான். தாழ்ப்பாள் தனியாகக் கதவுக்குள் இருக்கும். அதைத் திருப்பிவிடுவது மட்டுமே சிலிண்டரின் வேலை. அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சாவி நேராகப் போய்த் தாழைத் தள்ள வேண்டிய அவசியம் போனதால்தான் கைநீளச் சாவிகள் சட்டைப்பைக்குள் அடங்கும் தட்டைச் சாவிகளாயின. வீடு கைமாறும்போது பூட்டை விட்டுவிட்டுச் சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய சிலிண்டர்கள் இப்படி டப்பாக்களில் தங்கிவிடுவது அதனால்தான்.

முதலில் வெளித்தோற்றம். விட்டம் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 32 மரை என்றால் கதவின் பக்கவாட்டில் குடைந்து பொருத்தும் அமெரிக்கப் பூட்டுக்கு உரியது. பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரியும். சிலிண்டர் சுழன்று வந்துவிடாமல் ஒரு திருகு அதில்தான் அழுத்தி நிற்கும். ஐரோப்பியக் கதவுகளில் இருப்பது வேறு: மரை கிடையாது, 17 மில்லிமீட்டர் விட்டமும் 33 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பேரிக்காய் வடிவம்.

அடுத்து சாவித்துளையின் நெளிவு. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி நெளிவு உண்டு. பூட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் ஷ்லேக், குவிக்செட் போன்ற அமெரிக்கப் பூட்டுக் கம்பெனிகளின் பிரபலமான நெளிவுகளைப் பிற கம்பெனிகளும் தாராளமாக நகலெடுத்திருக்கின்றன. ஆகவே நெளிவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, உள்ளே போவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வெளிக்கூட்டுக்குள் சுழலும் ஓர் உள் உருளை. இரண்டையும் துளைத்துக்கொண்டு வரிசையாக ஐந்தாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் கீழே ஒரு பின் (சிறிய உலோகக் குச்சி), மேலே இன்னொரு பின், அதை அழுத்தும் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் குறுக்கே நின்று சுழலவிடாது. சரியான சாவி நுழைந்தால் எல்லாக் குழியிலும் இரு பின்களின் சந்திப்பு, உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும். அவ்வளவுதான், உருளை சுழலும்.

சாவியின் வெட்டு ஆழமாக இருந்தால் கீழ் பின் நீளமாக இருக்க வேண்டும். அதாவது, தொலைந்துபோன சாவியின் முழு விவரமும் கீழ் பின்களின் நீளத்தில் இருக்கிறது. பூட்டுக்காரரிடம் கொடுத்து உள் உருளையை உருவச் சொல்லுங்கள். அவர் அதே விட்டமுள்ள ஒரு கம்பியை உருளையின் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வருவார். இல்லாவிட்டால் ஸ்பிரிங்குகள் அறையெங்கும் பறக்கும். கீழ் பின்கள் உருளையோடு வரும். இனி தேவை பள்ளி ஆய்வகத்தில் பார்த்த திருகு அளவி. வெர்னியர் போதாது, 0.01 மில்லிமீட்டர் வரை வேண்டும்.

உதாரணமாக, முகப்பிலிருந்து வரிசையாக 4.57, 5.72, 5.33, 6.48, 4.95 என்று வருகிறது என்று வையுங்கள். மிகச் சிறியதை மற்றவற்றிலிருந்து கழித்தால் 1.15, 0.76, 1.91, 0.38. எல்லாமே ஏறக்குறைய 0.38இன் மடங்குகள்! இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளின் மின்னூட்டங்களை அளந்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே அலகைக் கண்டுபிடித்தாரே, அதே தந்திரம். தொழிற்சாலை தன் சாவிகளை இஷ்டப்படி வெட்டுவதில்லை, படிப்படியாகத்தான் வெட்டும். ஷ்லேக் முறையில் ஒரு படி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். குவிக்செட்டில் 0.023 அங்குலம், 0.58 மில்லிமீட்டர். நகலெடுத்தவரும் அதே சாவி பொருந்த வேண்டுமென்றால் அதே படியைத்தான் பின்பற்றியாக வேண்டும். எனவே யார் வார்த்தது என்பது தெரியாவிட்டாலும் எந்த முறைக்கு வார்த்தது என்பது தெரிந்துவிடும். பல வருடம் புழங்கிய பின்களின் நுனி தேய்ந்திருக்கும், அதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரு பின்களுக்கு நடுவில் மெல்லிய வில்லை ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தச் சிலிண்டர், எல்லா அறைக்கும் ஒரே மாஸ்டர் சாவி இருந்த ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து வந்திருக்கும். வில்லை இருக்கும் குழியில் இரண்டு உயரங்கள் செல்லுபடியாகும். ஐந்து குழியிலும் வில்லை என்றால் 32 விதச் சாவிகள் திறக்கும். ஓர் அறையின் சாவியும் இன்னும் வெட்டப்படாத சில வெற்றுச் சாவிகளும் இருந்தால் இதைப் பயன்படுத்தி மாஸ்டர் சாவியையே கண்டுபிடிக்கலாம் என்று 2003இல் எழுதியவர் மேட் பிளேஸ் என்ற கணினி விஞ்ஞானி. கணினித் துறைக்காரருக்குப் பூட்டில் என்ன வேலை என்று அவரை யாரும் தடுக்காதது நல்லதாயிற்று. நம் ஊரில் இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால் 'துறைக்குப் பொருந்தாது' என்று திரும்பி வந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சாவி விஷயத்துக்கு வருவோம். ஷ்லேக் அட்டவணையில் 4.19 மில்லிமீட்டர் பின்னுக்கு எண் 0, ஒவ்வொரு படிக்கும் எண் ஒன்று கூடும். மேலே சொன்ன ஐந்து பின்களும் 1-4-3-6-2. சிலிண்டரையும் இந்த எண்ணையும் பூட்டுக்காரரிடம் கொடுத்தால், பழைய சாவியைப் பார்க்காமலேயே புதுச் சாவி வெட்டித் தருவார்.